திரையில் வாங்கும் டயரை யார் மாட்டுவது?

கேரள எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் கார் வைத்திருப்பவர் டயர் மாற்ற நினைத்தால், போக மூன்று ஊர்கள் இருக்கின்றன. மேற்கே பாலக்காடு. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர். எங்கே போனாலும் அரை நாளில் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். கடைத்தெருவிலேயே இருக்கும் சிறிய டயர் கடைகள் தனி. இவற்றோடு இப்போது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. 678555 என்று பின்கோடு எண்ணைத் தட்டி, காரின் பெயரைக் கொடுத்தால், டயரின் படமும் விலையும் வந்து நிற்கின்றன. கடைக்காரர் சொன்ன விலையைவிட அது சில நூறு குறைவாக இருப்பதும் உண்டு. எது லாபம் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் விலையிலேயே தொடங்கி விலையிலேயே முடித்துவிடுகிறார்கள். டயர் விஷயத்தில் அது போதாது. கைப்பேசி, மிக்சி போல, பெட்டியைப் பிரித்ததும் வேலை செய்கிற பொருள் அல்ல டயர். ரிம்மில் ஏறி, காற்றுப் பிடித்து, சுழற்றிப் பார்த்து எடை சரிசெய்து, காரில் மாட்டி, சக்கரக்கோணம் நேராக்கிய பிறகுதான் அது முழுமையான பொருள். அதுவரை செய்யும் வேலையில் பாதி தொழிற்சாலையுடையது, மீதி கடையுடையது. அந்த மீதியை யார் செய்கிறார்கள், தவறினால் யார் பதில் சொல்வார்கள் என்பதுதான் என் பார்வையில் முதல் கேள்வி. ஆனாலும் எல்லோரும் விலையில்தான் தொடங்குகிறார்கள் என்பதால் நானும் அங்கிருந்தே வருகிறேன்.

எல்லையோர ஊருக்கு விலைக்கணக்கு பழகிய கணக்கு. மதிப்புக் கூட்டு வரி இருந்த காலத்தில் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வரி விகிதங்கள் வேறு வேறு. எந்தப் பொருளை எந்தப் பக்கம் வாங்கினால் மிச்சம் என்பது கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாக வணிகவரிச் சோதனைச் சாவடிகள் இருந்ததும் அதனால்தான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கணக்கு டயருக்குச் செல்லாமல் போயிற்று. பொள்ளாச்சிக் கடையில் வாங்கினாலும் பாலக்காட்டுக் கடையில் வாங்கினாலும், குருகிராமிலிருந்து கூரியரில் வந்தாலும் மொத்த வரி விகிதம் ஒன்றே. மாநிலத்துக்குள் என்றால் மத்திய, மாநில வரி என இரண்டாகப் பிரியும். மாநிலம் தாண்டினால் ஒருங்கிணைந்த வரி என ஒன்றாக நிற்கும். வாங்குபவர் கையிலிருந்து போவது அதே தொகைதான்.

அந்த விகிதம் எட்டு ஆண்டுகள் 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கு 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 4,000 ரூபாய் விலையுள்ள ஒரு டயர், முன்பு 5,120 ரூபாய்க்கு வந்தது, இப்போது 4,720. நான்கு டயருக்கு 1,600 ரூபாய் வித்தியாசம். பல ஆன்லைன் தள்ளுபடிகளுக்கும் இது குறைந்ததல்ல; எந்தக் கடையில் வாங்கினாலும் சட்டப்படி கிடைக்க வேண்டியது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு "இவ்வளவு குறைச்சுட்டேனுங்க" என்று யாராவது சொன்னால், அவர் குறைத்தாரா அரசு குறைத்ததா என்று பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வரி ஒன்றாகிவிட்டால் விலை ஏன் வேறுபடுகிறது? முதல் காரணம் அளவு. டயர் நிறுவனங்கள் விற்பனையாளர்களுக்கு அவர்கள் எடுக்கும் சரக்கின் அளவுக்கு ஏற்பத் தள்ளுபடி தருகின்றன. மாதம் ஆயிரக்கணக்கில் எடுக்கும் பெரிய விற்பனையாளருக்குக் கிடைக்கும் அடக்கவிலை, கோவையின் மொத்த வியாபாரியிடமிருந்து நாலைந்து ஜோடி எடுத்து வைக்கும் கொழிஞ்சாம்பாறைக் கடைக்குக் கிடைக்காது. இணையத்தில் விற்பவர் பெரும்பாலும் அந்தப் பெரிய விற்பனையாளர்தான். இரண்டாவது காரணம் சரக்கின் வயது. குடோனில் நாள்பட்ட டயரைத் தள்ளிவிட, முகம் தெரியாத வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் அனுப்புவது எளிது. மூன்றாவது காரணம் உள்ளூரில் நடப்பது: "பில் வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் பார்த்துப் போட்டுத்தரலாம்." இந்த மூன்றாவது மலிவு மலிவே அல்ல. ஏன் என்பதை உத்தரவாதக் கிளெய்ம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

விலை என்பது கடைக்காரர் கையில் மட்டும் இருப்பதும் அல்ல. அகில இந்திய டயர் விற்பனையாளர் கூட்டமைப்பு மத்திய அரசிடம் கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணையில், எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிர்லா ஆகிய ஐந்து நிறுவனங்களும் தங்கள் சங்கத்தின் வழியாக விலைத் தகவல்களைப் பகிர்ந்து, விலையைக் கூட்டாக உயர்த்தின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் முடிவு செய்தது. அபராதம் மொத்தம் சுமார் 1,788 கோடி ரூபாய். உத்தரவு வெளியே வந்ததே 2022 பிப்ரவரியில்தான்; அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்து, மறுபடி ஆராயுமாறு ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. வழக்கு லாரி, பஸ் டயர்களைப் பற்றியது, கார் டயரைப் பற்றியதல்ல. ஆனாலும் அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: புகார் சொல்லி வழக்கைத் தொடங்கி வைத்தவர்கள் டயர் கடைக்காரர்கள். விலை அதிகம் என்று நாம் கோபித்துக்கொள்ளும் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் அதே கோபம் இருந்திருக்கிறது.

இந்தப் பகுதியே டயருக்கு அந்நியமான நிலம் அல்ல. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்ஆர்எஃப். 1952-இல் அது தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறியது. புது டயர் செய்தது 1961-இல். அப்போலோவின் முதல் ஆலை 1977-இல் திருச்சூர் மாவட்டத்துப் பெராம்பிராவில் வந்தது. டயரைவிட டயர் பழுது முதலில் வளர்ந்த தொழில் என்பது இந்த ஆண்டுகளிலேயே தெரிகிறது. பஞ்சர் ஒட்டி, ரீட்ரெட் செய்து கொடுத்து, அதன் பிறகு புது டயர் விற்கத் தொடங்கியவர்கள் நம் ஊர்க்கடைக்காரர்களில் பலர். அவர்களுடைய பலம் விற்பதில் இல்லை, கை வேலையில்தான் இருக்கிறது.

அந்தக் கை வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காரை ஜாக்கியில் ஏற்றுமுன் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துகிறார்கள். சக்கரம் கழன்றதும் வால்வின் உட்கம்பியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்குகிறார்கள். டயரின் விளிம்பு ரிம்மின் உதட்டில் வருடக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும்; அதை மெஷினின் பக்கவாட்டுத் தகடு அழுத்திப் பிரிக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் அலாய் ரிம்மில் கீறல் விழும், இரும்பு ரிம்மில் உதடு வளையும். பிறகு ரிம்மின் உள்வட்டத்தில் படிந்த துருவையும் பழைய ரப்பர்ப் பொருக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் விட்டால் ட்யூப்லெஸ் டயரில் விளிம்பு வழியாகக் காற்று மெல்ல இறங்கும். பஞ்சர் எங்கே என்று தேடித் தேடி அலைய வேண்டியிருக்கும். டயர் மாற்றும்போதே ரப்பர் வால்வையும் மாற்றிவிட வேண்டும். அதன் விலை சொற்பம், பழைய வால்வு வெடித்தால் போவது டயரே.

அடுத்தது மாட்டும் திசை. சில டயர்களின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் அந்தத் திசையில்தான் உருள வேண்டும். சிலவற்றில் "வெளிப்பக்கம்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இதைப் பார்க்காமல் மாட்டினால், காசு கொடுத்து வாங்கிய ஈரப்பிடிப்பு மழையில் கை கொடுக்காது. பிறகு பேலன்சிங். மெஷின் சக்கரத்தைச் சுழற்றி, எந்த இடத்தில் எத்தனை கிராம் ஈடு வைக்க வேண்டும் என்று காட்டும். வைத்தபின் இன்னொரு முறை சுழற்றி இரண்டு பக்கமும் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கிற கடை நல்ல கடை. கடைசியாக அலைன்மென்ட். முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சிறிது சாய்ந்திருந்தால்கூட, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து பாதியில் நின்றுவிடும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுபவர்களுக்கு இன்னொன்று. புதிய ஜோடியை முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நம் ஊரில் பலர் கேட்கிறார்கள், பல கடைகளும் அப்படியே செய்கின்றன. மிஷெலின் போன்ற நிறுவனங்கள் நேர்மாறாகச் சொல்கின்றன: புதியவை பின்னால் போக வேண்டும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் உணர்ந்து வேகத்தைக் குறைத்துவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், உணர்வதற்குள் காரியம் கைமீறும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்குகிற நாட்டில் இதை வாடிக்கையாளரிடம் விளக்கிச் சொல்லும் கடைக்காரர், விலையில் நூறு ரூபாய் கூட வாங்கினாலும் தகும்.

இத்தனை வேலையும் ஆன்லைனில் வாங்கியவருக்கும் வேண்டும். துணியை எங்கே எடுத்தாலும் தைக்கத் தையற்காரரிடம்தான் போக வேண்டும் என்பதுபோல. வீட்டு வாசலில் வந்து இறங்கிய டயரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் தனித்தனியாக ஏறும். கடையிலேயே வாங்கியிருந்தால் இவற்றில் சிலவற்றை இலவசமாகச் சேர்த்திருப்பார்கள். பழைய டயருக்கும் ஏதோ ஒரு தொகை கழித்திருப்பார்கள். திரையில் கண்ட மிச்சத்திலிருந்து இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், சிறிய காரின் டயரில் பல நேரம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெரிய எஸ்யூவி டயர் என்றால் மிஞ்சக்கூடும், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

டயரை ஆன்லைனில் விற்பதில் நம்மைவிடப் பல ஆண்டு முந்தியவர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பது உதவும். அமெரிக்காவில் டயர் ரேக் 1979-இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு கடையாகத் தொடங்கி, தபால் வழி விற்பனைக்கும் பிறகு இணையத்துக்கும் போனது. டயரை வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புவதைவிட, அவர் ஊரிலுள்ள கடை ஒன்றுக்கு நேரே அனுப்பி அங்கே மாட்டவைப்பதே அதன் வழியாயிற்று. 2021-இல் அந்த நிறுவனத்தை வாங்கியது யார் என்றால், நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் வைத்திருக்கும் டிஸ்கவுண்ட் டயர். ஜெர்மனியின் ஹானோவரில் 1999-இல் தொடங்கிய டெல்டிகாமும் மாட்டித்தரும் கடைகளின் வலையை நம்பியே வளர்ந்தது. பிரிட்டனின் பிளாக்சர்க்கிள்ஸை 2015-இல் மிஷெலினே வாங்கிவிட்டது. இந்தியாவிலும் அதே போக்குதான். அப்போலோ, சியட் போன்றவை தங்கள் இணையதளத்தில் வாடிக்கையாளரைப் பிடித்து, பக்கத்திலுள்ள தங்கள் விற்பனையாளரிடம் அனுப்புகின்றன. சியட் நிறுவனம் டயர்ஸ்என்மோர் என்ற இணைய விற்பனை நிறுவனத்தில் பங்கும் வாங்கியது. எங்கும் இணையம் கடையைத் தேடித்தான் போயிருக்கிறது. கடையை ஒழித்துவிட்டு நிற்கும் இணைய டயர் வியாபாரம் எதையும் நான் காணவில்லை.

நகரத்தில் இந்த ஏற்பாடு நன்றாக ஓடும். கோவையிலிருப்பவர் இணையத்தில் பணம் கட்டிவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு, நாலு கிலோமீட்டரில் உள்ள கடைக்குப் போவார். கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு அந்த "பக்கத்துக் கடை" பெரும்பாலும் பாலக்காட்டிலோ கோவையிலோதான் இருக்கும். அங்கே போவதென்றால், நேரிலேயே விலை பேசி வாங்கிவிடலாமே! பேரம் பேசுவதற்கு முன் திரையில் விலையைப் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஊருக்கு இணையத்தால் கிடைத்த பெரிய நன்மை. முன்பு கடைக்காரர் சொன்னதுதான் விலை. இப்போது நிறுவனத்தின் தளத்திலேயே விலை இருக்கிறது. கைப்பேசியை நீட்டி "அண்ணா, இதுல இவ்வளவு போட்டிருக்கானுங்களே" என்று கேட்க முடிகிறது. கேட்டால் பெரும்பாலும் குறைக்கிறார்கள்.

இணையத்துக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு: அரிய அளவுகள். 2020 ஜூன் 12 முதல் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு அரசு உரிமம் கட்டாயமாயிற்று. அதற்குப் பின் இறக்குமதிக் கார்களுக்கும் சில பழைய மாடல்களுக்கும் டயர் தேடுவது பெரும்பாடு. கொழிஞ்சாம்பாறையில் மாருதி, பொலிரோ அளவுகள் அடுக்கில் இருக்கும். மற்றதற்குக் கடைக்காரரும் கோவைக்குப் போன் போட வேண்டியவர்தான். அப்படிப்பட்ட டயரை இணையத்தில் தேடி வாங்குவதில் தயக்கம் வேண்டாம். அதிலும், வாங்குமுன் நம் கடைக்காரரிடம் "வந்தா மாட்டித் தருவீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆன்லைனில் வாங்கும்போது கண்ணால் பார்க்க முடியாதது டயரின் பிறந்த நாள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். ஒரு பக்கத்தில் முழு வரிசையும் இருக்கும், மறுபக்கத்தில் தேதி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெப்பமும் அதைக் கெட்டிப்படுத்தும். ஐந்து ஆண்டு ஓடிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், செய்த நாளிலிருந்து பத்து ஆண்டு ஆனால் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) மிச்சமிருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷெலின் முதலான நிறுவனங்களின் அறிவுரை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வருடம் அடுக்கி வைத்த டயரைப் "புதுசு" என்று விற்பதை நான் ஏற்க மாட்டேன். விற்பவர் கடைக்காரராக இருந்தாலும் சரி, இணையமாக இருந்தாலும் சரி.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடையில் டயரைத் திருப்பிப் பார்த்து "இது வேண்டாங்க, வேற எடுங்க" என்று சொல்லலாம். திரையில் அது முடியாது. ஆன்லைனில் விற்கும் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளிலேயே, மற்ற விவரங்களைக் காட்டக் கட்டாயம் இருக்க, உற்பத்தி மாதமும் ஆண்டும் காட்டும் கட்டாயம் விலக்கப்பட்டிருக்கிறது. இருப்பு மாறிக்கொண்டே இருக்கும் என்பது அதற்கான நியாயம். டயர் வாங்குபவருக்கோ அந்தத் தேதிதான் முக்கியம். ஆகவே வந்து சேர்ந்ததும், மாட்டுவதற்கு முன்பே, தேதியைப் படித்துப் படம் எடுத்துவைக்க வேண்டும். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, சொன்ன தன்மைக்கு மாறான பொருளையும் குறையுள்ள பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. ஆனால் ரிம்மில் ஏறி விளிம்பில் தடம் விழுந்துவிட்டால் வாதாடுவது கடினம்.

அளவிலும் தவறு நேரும். 185/65 ஆர்15 88எச் என்பதை எடுத்துக்கொள்வோம். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கவாட்டு உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். ரிம் 15 அங்குலம். இதுவரை எல்லோரும் பார்க்கிறார்கள். 88 என்பது அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம்வரை. இந்தக் கடைசி இரண்டையும் திரையில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 88 இருந்த இடத்தில் 84 மாட்டினால் ஒரு டயருக்கு 60 கிலோ தாங்குதிறன் குறைகிறது. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் காய்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு மே மாத வெயிலில் போகும் காருக்கு அது சின்ன விஷயமல்ல. ஐஎஸ்ஐ முத்திரையும் பார்க்க வேண்டும். கார் டயருக்கு அதன் எண் ஐஎஸ் 15633. ஈரப்பிடிப்பு, உருள்தடை, ஓசை ஆகியவற்றுக்கான ஏஐஎஸ் 142 தரமும் 2023 ஏப்ரலுக்குப் பின் பழைய வடிவமைப்புகளுக்கும் பொருந்துகிறது.

கிளெய்முக்கு வருகிறேன். டயரின் பக்கத்தில் புடைப்பு வந்தால், பட்டன் பெயர்ந்தால், அது தயாரிப்புக் குறையா, பள்ளத்தில் இறங்கியதால் வந்த அடியா என்று நிறுவனத்தின் பொறியாளர் நேரில் பார்த்து முடிவு செய்வார். குறை என்று ஒப்புக்கொண்டாலும் பெரும்பாலும் முழு விலை வராது. எவ்வளவு பட்டன் மிச்சமோ அந்த விகிதத்தில் புது டயரில் கழிப்பார்கள். அதற்கு பில் வேண்டும், பில்லில் டயரின் எண் இருந்தால் இன்னும் நல்லது. இந்த இடத்தில்தான் பில் இல்லாத மலிவு காலை வாருகிறது. உள்ளூரில் வாங்கியவரின் டயரைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு போய் நிறுவனத்துக்குக் காட்டுவார். அவருக்கு அடுத்த டயரும் உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. தொலைவில் விற்றவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளூர்க்கடைக்குப் போனால் "எங்ககிட்ட வாங்கலையே" என்பார். சொல்வதிலும் நியாயம் உண்டு.

சட்டமும் இதே இடத்தில்தான் பிரிகிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் உயிருக்கோ உடைமைக்கோ தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. பொருளைச் செய்தவர் வேறு, விற்றவர் வேறு, சேவை செய்தவர் வேறு என்று அது பிரித்து வைக்கிறது. பொருளை இணைப்பதிலும் சோதிப்பதிலும் தக்க கவனம் காட்டாத விற்பனையாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. விற்றவரும் மாட்டியவரும் ஒருவராக இருந்தால் கேள்வி ஒரே ஆளிடம் போய் நிற்கும். டயர் ஒருவரிடம், மாட்டியது இன்னொருவரிடம் என்றால், விபத்துக்குப் பின் டயர் சரியில்லை என்பார் மாட்டியவர், மாட்டியது சரியில்லை என்பார் விற்றவர். நெடுஞ்சாலையில் டயர் வெடித்த குடும்பம் இந்த இரண்டு பேருக்கும் நடுவே நிற்க வேண்டிவரும்.

இதே சட்டம் எல்லையோரத்தாருக்கு ஒரு நல்லதும் செய்திருக்கிறது. முன்பு பொள்ளாச்சியில் வாங்கிய பொருளுக்கு வழக்குப் போடக் கோவைக்குப் போக வேண்டும். 2020 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். விற்றவர் பொள்ளாச்சியிலோ டெல்லியிலோ இருந்தாலும் பாலக்காட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் முறையிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் சமவெளிக்கு. மலை மாவட்டமான இடுக்கியின் தமிழ்ப் பகுதிகளில் நிலைமை வேறு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தாலுகாக்களில் வண்டி ஓடுவதே வளைவிலும் ஏற்றத்திலும்தான். சமவெளியில் சீராகத் தேயும் டயர், அங்கே தோள்பகுதியில் தேய்கிறது. இறக்கத்தில் பிரேக்கின் சூடு ரிம் வழியாக விளிம்புக்கும் ஏறுகிறது. போடிமெட்டு, கம்பமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துப் பெண்களை ஏலத்தோட்ட வேலைக்கு ஏற்றிச்செல்லும் ஜீப்புகளின் டயர்களைப் பார்த்தால் மனம் பதறும். ஒரு சதுர அங்குலம் பட்டன்கூட இல்லாத டயர்களில் பத்துப் பதினைந்து பேர் மலையேறுகிறார்கள். காருக்கும் ஜீப்புக்கும் குறைந்தபட்ச பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பது விதி. மொட்டை டயரில் கத்தியால் புது வரி வெட்டி, பழைய டயர்ச் சந்தையில் விற்பதும் நடக்கிறது. வெட்டிய வரியின் அடியில் நூலிழையும் கம்பியும் தெரிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கும். இந்த மலைகளில் ஆன்லைனா கடையா என்ற கேள்விக்கு முன்னால் புது டயர் வாங்கக் கையில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. கூலியில் பிடித்துக்கொள்ளும் ஜீப் வாடகையில் டயர்ச்செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியது தோட்ட உரிமையாளர்களின் கடமை.

மலைக்குப் போகும் கார்க்காரர்களுக்கு வேறொரு கவலை. 2020 அக்டோபர் முதல், ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே காரை விற்க அனுமதி உண்டு. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போகும் காட்டு வழியில் பக்கவாட்டுக் கிழிசல் வந்தால் எந்தக் கிட்டும் உதவாது. அந்த நேரத்தில் மறையூரிலோ மூணாறிலோ ஷட்டரைத் திறந்து வரும் ஒரு டயர்க்கடைக்காரரைத்தான் நம்ப வேண்டும். அவர் அங்கே பிழைத்திருக்க வேண்டுமென்றால், பஞ்சருக்கு மட்டும் அவரிடம் போய்விட்டு டயரை வேறெங்கோ வாங்கினால் போதாது.

கழற்றிய பழைய டயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடையில் மாற்றினால் அது அங்கேயே தங்கி, சேகரிப்பவர் கைக்குப் போகும். வீட்டுக்கு வந்த டயரை மாற்றினால் பழையது கொல்லையில் கிடக்கும். மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். 2022 ஜூலையில் வந்த விதிகளின்படி கழிவு டயரைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு டயர் உற்பத்தியாளர்களுடையது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கடைதான்.

கடையின் பக்கம் இவ்வளவு பேசியபின், கடைக்காரர்களிடம் கேட்கவும் சில இருக்கின்றன. வரி குறைந்த நாளில் விலையைக் குறைத்து எழுதி ஒட்டிய கடைகள் எத்தனை? விலைப்பட்டியலைச் சுவரில் மாட்டுவதில் என்ன தடை? நைட்ரஜன் காற்று என்று சொல்லித் தனிக்காசு வாங்குமுன், சாதாரணக் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் என்பதையும் சொல்லலாம். நட்டுகளை இம்பாக்ட் கன்னால் முழுவிசையில் முறுக்கிவிட்டு அனுப்பினால், நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்ற வேண்டிய பெண்ணோ முதியவரோ அதைக் கழற்ற முடியாமல் தவிப்பார்கள். முறுக்குவிசையை அளந்து முறுக்கும் சாவியால் முடிப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். டயரைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி, வெயில் படாமல் வைப்பதற்கும் பெரிய செலவில்லை. பில்லில் டயரின் பெயர், அளவு, ஒவ்வொரு டயரின் நான்கிலக்கத் தேதி, மாட்டிய நாளில் காரின் மீட்டர் எவ்வளவு ஓடியிருந்தது என்பவற்றை எழுதிக் கொடுத்தால், எந்த இணையதளமும் தர முடியாத ஒன்றை அந்தக் கடை தந்துவிட்டது. அப்படி எழுதித் தரும் கடையில் முந்நூறு நானூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நான் வாங்குவேன். எழுதித் தர மறுக்கும் கடையிலிருந்து பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ வண்டியைத் திருப்புவேன்.